தோட்டத்து மண் அணையில பைப் ஓரமா ஊத்து எடுக்குது, வெளிய களிமண் போட்டு அடைக்கலாமா?

மலைக்காப்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க தோட்டம் தாண்டிக்குடி பக்கம், 25 ஏக்கர் காப்பி, ஊடால மிளகும் மலைவாழையும். தோட்டத்துக்குள்ள இறங்குற பள்ளத்த மறிச்சு தாத்தா காலத்துலயே ஒரு மண் அணை போட்டு வச்சிருக்காங்க. உயரம் 20 அடி, கரை நீளம் 180 அடி, மேல ஜீப் போற அளவுக்கு அகலம் இருக்கு. நெறஞ்சா ஒன்றரை ஏக்கருக்கு தண்ணி நிக்கும், ஆழமான எடத்துல 18 அடி. பிப்ரவரி மார்ச்சுல காப்பிக்கு பூத்தண்ணி (பூ விரியறதுக்கு மழை மாதிரி தெளிக்கிற தண்ணி) அடிக்கிறது முழுக்க இத நம்பித்தான்.

இப்ப பிரச்சனை என்னன்னா பழைய இரும்பு பைப் துருப்புடிச்சு போச்சுன்னு போன கோடையில கரைய குறுக்க வெட்டி எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப் போட்டோம். காண்ட்ராக்டர் வெட்டுன மண்ணையே ஜேசிபி வச்சு திரும்ப தள்ளி பக்கெட்டால தட்டி விட்டுட்டு போயிட்டாரு. போன வருஷம் மழை கம்மி, பாதி கூட நெறையல, அதனால ஒண்ணும் தெரியல. இந்த ஐப்பசி மழைக்கு ஒரேயடியா நெறஞ்சிருச்சு. இப்ப கரைக்கு வெளிப்பக்கம் பைப் வெளிய வர்ற எடத்துல, வால்வு தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி தண்ணி ஊறுது. 10 லிட்டர் பக்கெட் ரொம்ப 50 செகண்ட் ஆகுது. கண்ணாடி டம்ளர்ல புடிச்சு வெயில்ல தூக்கி பாத்தேன், தெளிவாத்தான் இருக்கு. ஆனா ஊறுற கண்ணச் சுத்தி பொடிமண்ணு வட்டமா ஒரு விரக்கடை உயரத்துக்கு குமிஞ்சு கெடக்கு, கையில எடுத்தா மாவு மாதிரி நெருநெருன்னு இருக்கு. காலையில காலால கலைச்சு விட்டேன், சாயங்காலம் திரும்ப அதே மாதிரி குமிஞ்சிருக்கு.

இன்னொண்ணு, கலுங்குல (குளம் நெறஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போற வழி) மணல் மூட்டை அடுக்கி 2 அடி தண்ணி கூட நிறுத்தியிருக்கோம், அப்பா காலத்துல இருந்து வருஷா வருஷம் பண்றதுதான். அணைக்கு கீழ பள்ளத்துலயே 200 மீட்டர் தள்ளி நம்ம லைன் வீடு (தோட்டத்துல வேலை பாக்குறவங்க குடியிருப்பு) இருக்கு, ஆறு குடும்பம், சின்னப் பிள்ளைகளும் இருக்கு.

கொத்தனார் வந்து பாத்துட்டு வெளிய களிமண்ணப் போட்டு அமுக்கி மேல சிமெண்ட் பூசிட்டா நின்னுரும்ங்குறாரு. அப்பா கரைன்னா கசியத்தான் செய்யும், விடுங்குறாரு. தண்ணிய தொறந்து விட்டா பூத்தண்ணிக்கு என்ன பண்றதுன்னும் இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க, ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.

---

கரிசக்காட்டான் எழுதியது:

நண்பா, எங்க ஊர் கண்மாய்க்கரையில மழைக்காலம் பூரா வெளிப்பக்கம் ஈரம் காத்துக்கிட்டேதான் கெடக்கும், கோரைப்புல்லு பச்சப்பசேல்னு நிக்கும், எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான், ஒண்ணும் ஆனதில்ல. தண்ணி தெளிவா வருதுல்ல, தெளிவா வந்தா பயமில்லன்னுதான் பெரியவங்க சொல்லுவாங்க. கரம்பை மண்ணு கெடைச்சா ஊத்து மேல போட்டு நல்லா மிதிச்சு விடுங்க. நண்டு வளை எலி வளை இருக்கான்னு மட்டும் உள்பக்கம் பாத்துக்கோங்க.

---

மதகுக்காரர் எழுதியது:

தம்பி, நான் பொதுப்பணித்துறை பாசனப் பிரிவுல இருந்து ஓய்வு பெத்தவன், ஏரிக்கரை மடை கலுங்குன்னே வேலைக்காலம் போச்சு. நீங்க எழுதுனத படிச்சதும் முதல்ல சொல்ல வேண்டியத முதல்ல சொல்லிர்றேன். வெளிப்பக்கம் களிமண் போடாதீங்க, சிமெண்ட் பூசாதீங்க. இன்னைக்கே கலுங்கு மூட்டைய எடுங்க. லைன் வீட்டு ஆளுகள இன்னைக்கு ராத்திரியே மேட்டுக்கு மாத்துங்க. மிச்சத்த அப்புறம் நிதானமா படிங்க.

கண்மாய்க்காரத் தம்பி சொன்னது அவரு கரைக்கு சரி. அகலமான பழைய கரையில அடிவாரம் பூரா பரவலா ஈரம் காக்குறது வேற. உங்களுக்கு வந்திருக்கிறது ஒரே எடத்துல, அதுவும் பைப் ஓரத்துல, அதுவும் மண்ணோட. தண்ணி தெளிவா இருக்குன்னு டம்ளர்ல பாத்தீங்க, ஆனா அந்த பொடிமண்ணு வட்டம் எங்க இருந்து வந்துச்சு? கரைக்குள்ள இருந்துதான். மண்ணு கனமா இருக்கிறதால கண்ணுலயே படிஞ்சிருது, தண்ணி தெளிவா வழிஞ்சு போகுது. கலைச்சு விட்டும் திரும்ப குமியுதுன்னா இன்னும் வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

இத நாங்க பைப்பிங்னு சொல்லுவோம். வெளிய வர்ற வாயில இருக்கிற மண்துகள் முதல்ல நகரும், அடுத்து அதுக்கு பின்னாடி இருக்கிறது, அப்படியே ஒரு பொந்து வெளிய இருந்து உள்ள பாத்து குடைஞ்சுக்கிட்டே போகும். போகப்போக தண்ணி வர்ற தூரம் குறையும், வேகம் கூடும். குளத்துத் தண்ணிய அது எட்டிட்டா அதுக்கப்புறம் மணிக்கணக்குதான், சில நேரம் அது கூட கிடைக்காது. உருண்டை பைப்புக்கு அடியில ரெண்டு பக்கமும் ஒரு இடுக்கு இருக்கும் பாருங்க, அதுக்குள்ள ஜேசிபி பக்கெட் எந்தக் காலத்துலயும் மண்ண அமுக்காது. கையால கட்டை வச்சு இடிக்கணும். அத பண்ணலன்னா பைப் நீளத்துக்கும் அந்த இடுக்குதான் தண்ணிக்கு பாதை. புது பைப் போட்டதுக்கு அப்புறம் முதல் தடவ முழுசா நெறையிற நேரம் இருக்கே, மண் கரைக்கு அதுதான் ரொம்ப ஆபத்தான நேரம், உங்களுக்கு இப்ப நடக்கிறது அதுதான்.

வெளிய ஏன் அடைக்கக் கூடாதுன்னா, தண்ணி வர்றது நிக்காது, உள்ள அழுத்தம் ஏறி வேற எடத்துல பொத்துக்கிட்டு வரும், அது உங்க கண்ணுக்கு தெரியாத எடமா இருக்கும். தண்ணிய வர விடணும், மண்ண மட்டும் வர விடாம தடுக்கணும். அதுக்கு வடிகட்டி போடணும்: ஊத்து மேல முதல்ல சுத்தமான பருமணல் ஒரு அடி, அதுக்கு மேல சிறு ஜல்லி ஒரு அடி, அதுக்கு மேல பெரிய ஜல்லியும் கல்லும். ஊத்துக்கு நாலு பக்கமும் ரெண்டு மூணு அடி தள்ளிப் போற மாதிரி போடுங்க. வேகமா பீச்சி மணல தூக்கி எறிஞ்சா சுத்தி மணல் மூட்டைய வட்டமா அடுக்கி உள்ள கொஞ்சம் தண்ணிய நிக்க விட்டுட்டு அப்புறம் போடுங்க.

தண்ணிய இறக்கணும், ஆனா ஒரே நாள்ல இல்ல. ஒரு நாளைக்கு ஒரு அடி. அதுக்கு மேல வேகமா இறக்குனா உள்பக்கச் சரிவுல ஊறிப் போயிருக்கிற மண்ணு தாங்குறதுக்கு தண்ணி இல்லாம சரிஞ்சு விழுந்துரும். ஆனா ஊத்து கலங்கலா மாறினாலோ, வேகம் திடீர்னு கூடினாலோ, கரை மேல குழி விழுந்தாலோ, குளத்துல பைப்புக்கு நேர் மேல தண்ணி சுழிச்சாலோ இந்தக் கணக்கெல்லாம் பாக்காதீங்க. ஆளுகள வெளியேத்திட்டு 1077க்கு போன் போடுங்க, அது மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை. பள்ளத்துக்கு கீழ இருக்கிற ஊருக்கும் சொல்லணும்.

ஒரு கேள்வி. வால்வு வெளிப்பக்கம் மட்டுந்தானா, குளத்துக்குள்ள பைப் வாய்ல வால்வு இல்லையா? வெளிய மட்டும்னா கரைக்குள்ள இருக்கிற பைப் முழுக்க எந்நேரமும் அழுத்தத்துல நிக்குது, ஒரு ஜாயிண்ட் ஒழுகுனாலும் கரைக்கு நடுவுல தண்ணி பீச்சும். அமெரிக்காவுல கொலராடோ மலையில லான் லேக்னு ஒரு அணை, விவசாயிகளோட பாசனக் கம்பெனிக்கு சொந்தமானது, 1903ல கட்டுன மண் அணை, 26 அடி உயரந்தான். உங்களதவிட 6 அடி கூட, அவ்வளவுதான். வெளிய போற பைப்புக்கும் வால்வுக்கும் நடுவுல ஈயத்தால அடைச்ச ஜாயிண்ட் நாள்பட்டு விட்டுப் போச்சு, அதுல ஒழுகுன தண்ணி கரைய உள்ளயே அரிச்சிருச்சு. 1982 ஜூலை 15 விடியக்காலையில உடைஞ்சது, கிட்டத்தட்ட 3 கோடி கன அடி தண்ணி இறங்கி கீழ இருந்த இன்னொரு அணையையும் ஒடைச்சு எஸ்டஸ் பார்க் ஊருக்குள்ள பூந்துச்சு, 3 பேர் செத்தாங்க. உசரமான மலை, ஏறிப் போய் பாக்குறதே அபூர்வம். உங்களோடது கண்ணு முன்னாடி இருக்கு, நீங்க குனிஞ்சு பாத்திருக்கீங்க, அதுவே பெரிய விஷயம்.

ஒண்ணு சோதிச்சு பாருங்க. பக்கத்துல ஒரு ஆள ஊத்துகிட்ட நிறுத்திட்டு வால்வ மெதுவா கொஞ்சம் தொறங்க. ஊத்து குறைஞ்சா பைப்புக்குள்ள இருந்து ஒழுகுது. குறையலன்னா பைப்புக்கு வெளிய மண்ணு வழியா வருது. சொல்லுங்க.

---

மலைக்காப்பி எழுதியது:

சார், ரொம்ப நன்றி, கையெல்லாம் நடுங்குது படிச்சதும். அப்பாகிட்ட காமிச்சேன், அவரே மண்வெட்டிய எடுத்துக்கிட்டு முதல் ஆளா கலுங்குக்கு போயிட்டாரு. மூட்டைய மேல இருந்து ஒவ்வொரு வரிசையா எடுத்து விட்டுட்டோம், மறுகால் போகுது. லைன் வீட்டு ஆளுக எல்லாரும் காப்பிக்களத்து கிட்டங்கியில இருக்காங்க, கொஞ்சம் முணுமுணுப்பு இருந்துச்சு, பொடிமண்ணு குமியிறத கூட்டிட்டுப் போய் காமிச்சதும் யாரும் பேசல.

வால்வு வெளிப்பக்கம் மட்டுந்தான். கால்வாசி தொறந்து பாத்தோம், ஊத்து குறையல, அதே 50 செகண்டுதான். அப்ப பைப்புக்கு வெளிய வர்றதுதானா? அப்புறம் பைப் வழியா ரொம்ப விட பயமா இருக்கு, வேற எப்படி தண்ணிய இறக்குறது? இன்னும் மழை இருக்கு சார், கார்த்திகை முடியிற வரைக்கும் இங்க விடாது.

---

மதகுக்காரர் எழுதியது:

ஆமா தம்பி, பைப்புக்கு வெளியதான், ஜேசிபி தட்டுன அந்த மண்ணுதான். கரைக்கு மேலயே சைபன் போடுங்க. 4 இஞ்ச் எச்டிபிஇ பைப் ரெண்டு மூணு, ஒரு முனை குளத்துக்குள்ள, இன்னொரு முனை கரைக்கு வெளிய நல்லா கீழ இறங்கி ஓடைக்குள்ள போகணும், கரை அடியில விழக்கூடாது. ரெண்டு முனையையும் மூடிட்டு மேல ஒரு டி ஜாயிண்ட் வச்சு தண்ணி நெறப்பி, அதை இறுக்கிட்டு ரெண்டு முனையையும் ஒண்ணா தொறந்தா தானா ஓட ஆரம்பிச்சிரும், டீசல் செலவு கிடையாது. ஒன்றரை ஏக்கர்ல ஒரு அடி இறக்கணும்னா சுமாரா 18 லட்சம் லிட்டர், ஒரு நாள்ல போகணும்னா செகண்டுக்கு 21 லிட்டர், ரெண்டு பைப் பத்தும். மழைத்தண்ணி உள்ள வர்றதுக்கு ஒண்ணு சேத்து மூணு போடுங்க.

கலுங்கு மூட்டைய திரும்ப எந்த வருஷமும் அடுக்காதீங்க. 20 அடி கரையில 18 அடி தண்ணின்னா மிச்சம் ரெண்டு அடிதான். மண் கரை மேல தண்ணி வழியவே கூடாது, வழிஞ்சா வெளிச்சரிவ அறுத்துக்கிட்டே உள்ள போயிரும். ஹவாய்ல கவாய் தீவுல கா லோகோன்னு ஒரு அணை, கரும்புத் தோட்டத்துக்காக 1890ல கட்டுனது, பின்னாடி தனியார் கைக்கு போச்சு. மறுகால் போற வழிய மண்ணடிச்சு மூடிட்டாங்கன்னு குற்றச்சாட்டு. வாரக்கணக்கா விடாத மழை, 2006 மார்ச் 14 விடியக்காலையில உடைஞ்சு கீழ இருந்த 7 பேரு போயிட்டாங்க. நில உரிமையாளர் மேல வழக்கு நடந்து 2014ல அவருக்கு 7 மாசம் சிறைத்தண்டனை வந்துச்சு.

உங்க தோட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது கென்யாவுல சோலாய். அதுவும் காப்பி எஸ்டேட்டு, தோட்டத்து பாசனத்துக்குன்னு போட்ட தனியார் மண் அணை. 2018 மே 9 ராத்திரி, அடைமழை, கீழ இருந்த குடிசைகள அப்படியே வாரிட்டுப் போச்சு. 40க்கும் மேல செத்தாங்க, அதுல நெறைய பேர் குழந்தைக. அனுமதியில்லாம கட்டுன அணைன்னு அந்த நாட்டு நீர்வள அதிகாரிகளே பின்னாடி சொன்னாங்க. லைன் வீடு எங்க இருக்குன்னு நீங்க எழுதுன வரிய படிச்சப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

---

சேர்வராயன் எழுதியது:

நான் ஏற்காட்டுக்காரன், நமக்கும் காப்பிதான். அணை விஷயம் சார் சொல்லிட்டாரு, நான் பூத்தண்ணி கணக்கு மட்டும் சொல்றேன், ஏன்னா தண்ணி போயிருமேங்குற பயத்துலதான் நெறைய பேர் கசிவப் பாத்தும் கண்ண மூடிக்கிறாங்க.

ஒரு ஏக்கருக்கு ஒரு இஞ்ச் மழை அளவு அடிக்க சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். 25 ஏக்கருக்கு 26 லட்சம். பூ பூத்து ரெண்டு மூணு வாரம் கழிச்சு பேக்கிங், அதாவது ரெண்டாவது தடவ அடிக்கிற தண்ணி, முக்கால் இஞ்ச், அது 19 லட்சம். ஆக 45 லட்சம் லிட்டர். உங்க குளம் ஒன்றரை ஏக்கர் 18 அடின்னா பள்ளத்தாக்கு வடிவத்துக்கு சுமாரா ஒரு கோடியே முப்பது லட்சம் பிடிக்கும். மேல இருந்து 4 அடி இறக்கி 14 அடில நிறுத்துனா, மேல்தான் அகலம்ங்கிறதால கிட்டத்தட்ட பாதி போயிரும், 65 லட்சம் மிஞ்சும். வெயில்ல ஆவியாகுறது ஒரு அடின்னு வச்சாலும் 12 லட்சம் கழிச்சுக்கோங்க. 53 லட்சம் நிக்குது. கொஞ்சம் இறுக்கந்தான், ஆனா பூத்தண்ணிக்கு பத்தும், பள்ளத்துல தை வரைக்கும் ஓட்டம் இருந்தா அதுவும் சேரும். மிளகுக்கு வேணா ஒரு தடவ குறைச்சுக்கோங்க.

14 அடிலயும் ஊத்து நிக்கலன்னா இன்னும் இறக்கித்தான் ஆகணும். ஒரு வருஷம் பூ பாதி புடிக்காமப் போனா அடுத்த வருஷம் செடி பூக்கும். லைன்ல இருக்கிற பிள்ளைகள வச்சு அந்தக் கணக்கப் போட முடியாது.

---

பட்டா சிட்டா எழுதியது:

நான் வக்கீல், நிலம் தண்ணி சம்பந்தமான வழக்குகதான் அதிகம் பாக்குறேன். மத்திய அரசோட அணை பாதுகாப்புச் சட்டம் 2021 உங்க அணைக்கு பொருந்தாது, அது 15 மீட்டருக்கு மேல உயரம் இருக்கிறதுக்கும், 10 மீட்டர்ல இருந்து 15 மீட்டருக்குள்ள சில நிபந்தனைகளுக்கு உட்பட்டதுக்கும்தான். உங்களது 6 மீட்டர். அதாவது அந்தச் சட்டத்துக்குக் கீழ எந்த அதிகாரியும் வந்து பாக்கப் போறதில்ல, முழுப் பொறுப்பும் உங்க தலையில.

காண்ட்ராக்டர் பண்ணுனதுன்னு சொல்லி விலகிற முடியாது. இங்கிலாந்துல ஒரு மில்காரர் ஆள் வச்சு தன் நிலத்துல குளம் வெட்டுனாரு, வேலை பாத்தவங்க கவனிக்காம விட்ட பழைய சுரங்கக் குழி வழியா தண்ணி பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துல பூந்துருச்சு. அவர் மேல தனிப்பட்ட கவனக்குறைவு இல்லன்னாலும் நஷ்டஈடு குடுக்கணும்னு 1868ல தீர்ப்பு, ரைலண்ட்ஸ் வழக்குன்னு சட்டக்கல்லூரியில எல்லாரும் படிக்கிறது. நம்ம பக்கம் கார்வேட்டிநகரம் ஜமீன் ஏரிக உடைஞ்சு மெட்ராஸ் ரயில்வேக்கு சேதமானப்ப 1874ல பிரிவி கவுன்சில் (அப்ப நம்ம நாட்டு வழக்குகளுக்கு லண்டன்ல இருந்த கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றம்) ஜமீனை விட்டுச்சு, ஆனா ஏன் விட்டுச்சுன்னா அந்த ஏரிக ஜனங்க பாசனத்துக்காக காலங்காலமா பராமரிக்க வேண்டிய கடமை அவருக்கு இருந்துச்சு, கவனக்குறைவும் நிரூபணமாகல. சொந்தக் காப்பிக்காக வச்சிருக்கிற அணைக்கு அந்த சமாதானம் எடுபடும்னு நான் நினைக்கல, அதுவும் ஊத்து எடுக்குறது தெரிஞ்சு விட்டிருந்தா சுத்தமா எடுபடாது.

ரெண்டு வேலை பண்ணுங்க. பள்ளம் உங்க பட்டாவுலயா, வருவாய் கணக்குல ஓடைப் புறம்போக்கான்னு புலப்படத்துல பாருங்க. கோடையில கரைய வெட்டுறதுக்கு முன்னாடி மலைப்பகுதியில ஜேசிபி ஓட்ட கோட்டாட்சியர் அனுமதி வேணுமான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

---

மலைக்காப்பி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இப்ப தண்ணி 14 அடிக்கு இறங்கிருச்சு, சைபன் மூணும் ஓடுது. நடுவுல ஒரு நாள் ராத்திரி நல்ல மழை, ஊத்து 35 செகண்டுக்கு வந்து வயித்தக் கலக்கிருச்சு, ஆனா கலங்கல. இப்ப 10 லிட்டர் ரொம்ப ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகுது. மணல் ஜல்லி வடிகட்டி போட்டாச்சு, மேல கல்லும் பரப்பியாச்சு, சுத்தி மண்ணு குமியிறது நின்னுருக்கு. ஆத்து மணல் கெடைக்காம எம்சாண்ட்தான் (கல்ல உடைச்சு செய்யிற மணல்) போட்டோம், அது சரியா சார்? வெளிச்சரிவுல சில்வர் ஓக் நாலு மரம் நிக்குது, அதையும் வெட்டிரலாமா?

---

மதகுக்காரர் எழுதியது:

நல்ல சேதி தம்பி. லைன் வீட்டுக்கு இன்னும் யாரையும் அனுப்பாதீங்க, வடகிழக்கு மழை முடியட்டும். காலையும் சாயங்காலமும் பக்கெட் கணக்கையும் தண்ணி மட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல ஒரு நோட்டுல எழுதுங்க. மட்டம் ஏறாம ஊத்து மட்டும் ஏறினா அதுதான் அபாயம்.

எம்சாண்டுல தூள் அதிகம், அந்தத் தூளே வடிகட்டிய அடைச்சிரும். இப்ப போட்டது இருக்கட்டும், கிளறாதீங்க. கோடை வேலைக்கு கழுவுன எம்சாண்ட் வாங்குங்க, வாளியில ஒரு கை போட்டு கலக்கிப் பாருங்க, தண்ணி சேறாச்சுன்னா வேணாம்னு சொல்லிருங்க.

மரத்த இப்ப தொடாதீங்க. வெட்டுனா வேர் உள்ள மக்கி அதுவே பொந்தாயிரும். குளம் வத்துனதுக்கு அப்புறம் வேரோட தோண்டி எடுத்து அந்தக் குழிய அடுக்கடுக்கா இடிச்சு நெறப்பணும்.

பைப் வேலைக்கு, அந்த வெட்டுன எடத்த முழுசா திரும்பத் தோண்டணும். பக்கச்சுவர் செங்குத்தா வேணாம், சரிவா வெட்டுங்க, அப்பத்தான் புது மண்ணு பழைய கரையோட ஒட்டும். பைப்ப வெறும் மண்ணுல வைக்காம அடிக்கும் பாதி உயரம் வரைக்கும் பக்கத்துக்கும் கான்கிரீட் தொட்டில் போடுங்க, அந்த இடுக்குப் பிரச்சனையே இருக்காது. மண்ணு 6 இஞ்ச் 6 இஞ்சா போட்டு கையால இடிக்கணும், ஈரம் எப்படின்னா கையில புடிச்சா உருண்டையா நிக்கணும், விரல்ல ஒட்டக்கூடாது. வெளிப்பக்க மூணுல ஒரு பங்கு தூரத்துல பைப்பச் சுத்தி நாலு பக்கமும் மணல் வடிகட்டி ஒரு சுவராட்டம் வரணும், அதுல சேர்ற தண்ணி வெளிய போக ஒரு வழியும் வேணும். போடுறதுக்கு முன்னாடி அந்த மண்ணுல காஞ்ச ஒரு சின்னக் கட்டிய கண்ணாடி டம்ளர்ல சுத்திகரிச்ச தண்ணிக்குள்ள அசைக்காம போட்டு வையுங்க. கட்டி சரிஞ்சு கீழ குமிஞ்சாலும் தண்ணி தெளிவா இருந்தா பரவால்ல, கட்டியச் சுத்தி புகை மாதிரி கலங்கல் பரவுனா அந்த மண்ணு பைப் பக்கத்துல ஆகாது, வேற மண்ணு பாக்கணும்.

வால்வ உள்பக்கம் வைங்க, கரை மேல நின்னு திருப்புற மாதிரி கம்பி வச்சு. மார்ச் கடைசியில பூத்தண்ணி முடிஞ்சு குளம் வத்துனதும் வெட்டுறதுக்கு முன்னாடி படம் எடுத்துப் போடுங்க, அளவு குறிச்சு தர்றேன்.